மிதவைக் குழாய்

நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி வேலை முடிந்ததும் கேட்டிலேயே நின்றுவிடுவதில்லை, கூடவே வண்டியில் ஏறி வீட்டுக்கும் வந்துவிடும். சமையல் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்காமல் உள்ளே விட மாட்டேன். ஆட்டோக்காரர் சுற்று வழியில் போகிறாரா என்று போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டே வருவேன். "உங்களோட கோயிலுக்குப் போனாக்கூட செருப்பு விட்ட எடத்துலதான் மனசு இருக்கும்" என்பாள் என் மனைவி. அது உண்மைதான்.

இப்படிப்பட்டவனுக்குச் செம்பாக்கத்தில், சொந்த வீட்டு மொட்டை மாடி அறையில், பீர் காய்ச்சும் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால் கடையில் விற்பதை நம்பாததால்தான் என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் இது சட்டத்துக்கு ஒத்துவராத காரியம். அதனால் பயமும் உண்டு. மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி வேகும் வாசனை தெருவுக்குப் போனபோது, சத்துமாவுக்குத் தானியம் வறுக்கிறோம் என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். பீரை அழுத்தி வெளியே தள்ளும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு சார் விசாரித்தபோது, மீன் தொட்டியில் வளரும் செடிகளுக்கு என்றேன். அப்படிச் சொன்ன பாவத்துக்கு ஒரு மீன் தொட்டியும் வாங்கி வைக்க வேண்டியதாயிற்று.

பீர் நொதித்து முடிந்ததும் கெக் என்ற எஃகுப் பீப்பாயில் அடைத்து, அதிலேயே ஹாப்ஸ் போடுவேன். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. காய்ச்சும்போது போட்டால் கசப்பு தரும், ஆறிய பிறகு போட்டால் வாசனை தரும். நமக்குக் கிடைப்பது அதைப் பொடித்து அழுத்திய பச்சை உருளைகள். அவை பீரில் விழுந்ததும் கரைந்து சேறாக அடியில் படியும். கெக்கின் குழாயோ நேராக அடிவரை போகிறது. மேலே கேஸ் அழுத்த, அடியில் இருப்பதுதான் முதலில் குழாயில் ஏறும். இரண்டு முறை அந்தச் சேறு குழாயை அடைத்து, கெக் மொத்தமும் வீணானது.

அதற்கு மருந்துதான் மிதவைக் குழாய். வளைந்து கொடுக்கும் ஒரு சிலிக்கான் குழாய், அதன் நுனியில் உள்ளே காற்றடைத்த எஃகு உருண்டை. உருண்டை பீரின் மேல் மிதக்கும், குழாயின் வாய் அதற்குச் சற்றுக் கீழே முங்கியிருக்கும். தெளிந்த பீர் மேலிருந்தே வரும். மட்டம் குறையக் குறைய உருண்டையும் இறங்கும், சேறு தன் பாட்டுக்கு அடியில் கிடக்கும். வரவழைத்துப் பொருத்தினேன். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். நான் குழாயையும் நம்பவில்லை. ஹாப்ஸை மெல்லிய துணிப்பையில் கட்டி, நைலான் நூலால் மூடியின் உட்புறத்திலிருந்து தொங்கவிட்டேன். குழாய் கைவிட்டால் பை காப்பாற்றட்டும், பை கிழிந்தால் குழாய் காப்பாற்றட்டும் என்பது என் எண்ணம். மூடியை இறுக்கி, மாடி அறையில் இருந்த பழைய ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். வைத்த பிறகு கெக்கை அசைக்கக் கூடாது. அசைத்தால் படிந்ததெல்லாம் கலங்கிவிடும்.

அப்போது என் மனைவியின் தம்பி எங்களோடு இருந்தான். பல வருஷம் விடாமல் குடித்தவன். சிகிச்சைக்குப் போய் வந்து பதினோரு மாதமாக ஒரு சொட்டு தொடவில்லை. அவன் மனைவியும் மகளும் ஊரப்பாக்கத்தில். ஒரு வருஷம் முழுசாகத் தாண்டிவிட்டு வீட்டுக்கு வா என்று அவள் சொல்லியிருந்தாள். இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. பல்லாவரத்தில் ஒரு டைல்ஸ் கடையில் சூப்பர்வைசர் வேலை, செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்றைக்கு நான் தொழிற்சாலையிலும் என் மனைவி பள்ளிக்கூடத்திலும் இருப்போம். அவள் தாம்பரத்தில் டீச்சர்.

"அவன் இங்க இருக்கற வரைக்கும் இந்த வேலையெல்லாம் வேணாங்க" என்று அவள் முதலிலேயே சொன்னாள்.

"எனக்காக நிறுத்தாதீங்க மாமா" என்றான் அவன். "கடைக்குப் போற வழியில டாஸ்மாக் பாரு பாராத் தாண்டிக்கினுதான் போறேன். மாடில இருக்கறதா என்னை இழுக்கப் போவுது?"

அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. அதனாலேயே அதை நம்பவும் இல்லை. ஃபிரிட்ஜைப் பூட்டச் சொன்னாள் மனைவி. பூட்டினால் அவனைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும் என்று பெரிய மனுஷன் மாதிரிப் பேசி, பூட்டாமல் விட்டேன். ஆனால் ஃபிரிட்ஜ் கதவின் உட்புறத்தில், நான் குடிக்கும் ஒவ்வொரு டம்ளருக்கும் பென்சிலால் ஒரு கோடு போட ஆரம்பித்தேன்.

தினம் சாயங்காலம் ஒரு டம்ளர். பீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக, மாம்பழ வாசனையோடு வந்தது. மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் பீர் பிடிக்கும் குழாயைத் திறந்தேன். கொஞ்சம் நுரை வந்தது, பிறகு புஸ் என்று வெறும் கேஸ். மறுபடி திறந்தேன், கேஸ்தான். கோடுகளை எண்ணினேன். இருபத்தொன்று. அந்த கெக்குக்கு நாற்பது டம்ளருக்கு மேல் வர வேண்டும்.

முந்தைய நாள் செவ்வாய்க்கிழமை.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே தெரிய ஆரம்பித்தது. அவன் சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் இருந்தது எதற்கு? செவ்வாய்க்கிழமை நான் வந்தபோது முகம் வீங்கின மாதிரி இருந்ததே, அது மத்தியானத் தூக்கமா? சிங்க்கில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்ததே, வீட்டில் யாரும் இல்லாதபோது அவன் எதற்கு டம்ளரைக் கழுவினான்? தண்ணீர் குடித்துவிட்டும் ஒருவன் டம்ளரைக் கழுவலாம் என்பது என் தலையில் ஏறவே இல்லை. உண்மையைச் சொன்னால், கண்டுபிடித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அவன் கடையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே கேட்டேன்.

"நேத்து மாடிக்குப் போனியா?"

"துணி காயப்போடப் போனேன் மாமா. ஏன்?"

"கெக்ல பாதி காணோம்."

அவனுக்குப் புரியச் சிறிது நேரமானது. புரிந்ததும் ஒரு கால் ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நான் தொடல மாமா."

"அப்ப யார் குடிச்சது? தொட்டில இருக்கற மீனா?"

என் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். தம்பி பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். அவளும் அவன் முகத்தையேதான் பார்த்தாள், எத்தனையோ தடவை இப்படி ஏமாந்தவள். அவளும் தன்னை நம்பவில்லை என்று தெரிந்ததும் அவன் எழுந்து உள்ளே போனான். பையில் நாலு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கரணையில் ஒரு நண்பன் அறைக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் தெருமுனை தாண்டுவதற்குள் ஊரப்பாக்கத்துக்குப் போன் செய்தேன். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "சரிங்கண்ணா, சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டாள். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியங்களில் அந்தப் போனைத்தான் முதலில் சொல்வேன்.

காலி கெக்கைக் கழுவுவது விடுமுறை நாள் வேலை, அதுவரை குளிரில் இருந்தால்தான் மிச்ச மண்டி நாறாது. சனிக்கிழமை எனக்கு லீவு, மனைவிக்குப் பள்ளிக்கூடம். காலையில் மாடிக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து, காலி கெக்கைத் தூக்கும் அலட்சியத்தோடு ஒரு கையால் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை. இரண்டு கையால் தூக்கினேன். உள்ளே திரவம் அலம்பியது.

கேஸ் சிலிண்டரை வாசலிலேயே தூக்கிப் பார்க்கிறவன், மூன்று நாளாக இதைத் தூக்கிப் பார்க்கவில்லை.

அழுத்தத்தை வெளியேற்றி மூடியைத் திறந்தேன். ஹாப்ஸ் ஊறி, துணிப்பை தலையணை மாதிரி உப்பி, கெக்கின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நடுவில் தொங்கியது. அதன் மேல் மிதவை உருண்டை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பீர் மட்டம் பையைத் தாண்டிக் கீழே போயிருந்தது, உருண்டையால் போக முடியவில்லை. குழாயின் வாய் வெறும் கேஸில் நின்றது. குழாய் மட்டும் இருந்திருந்தால் கடைசி டம்ளர் வரை வந்திருக்கும். இரண்டில் ஒன்றையாவது நான் நம்பியிருந்தால் போதும்.

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம், பிறகு வெட்கம். கெக்கை மாடியின் தண்ணீர் போகும் ஓட்டை வரை இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்த்தேன். மீதி பீர் முழுவதும் மாம்பழ வாசனையோடு குழாய் வழியாக இறங்கிப் போனது. பையைக் குப்பையில் போட்டேன். தரையில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். அந்த நேரத்தில் அதை ஒரு பிராயச்சித்தம் மாதிரி நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

ஊரப்பாக்கத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மிதவை, பை, நூல் என்று நான் விளக்க விளக்க எனக்கே கதை கட்டுவது மாதிரித்தான் கேட்டது. "அவரு சொல்லச் சொன்னாராண்ணா?" என்றாள். இல்லை என்றேன். "பாப்போம்ணா" என்றாள்.

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு, "என் மனசு ஆறணும்னு சொல்றீங்களா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேடவாக்கம் வழியாகப் பள்ளிக்கரணைக்கு வண்டியை விட்டேன். இரண்டாவது மாடியில் தகர ஷீட் போட்ட அறை. கதவைத் திறந்தவன் ஷேவ் செய்திருந்தான், கண் தெளிவாக இருந்தது. மோந்து பார்க்கக் கூடாதென்று நினைத்தும் மூக்கு தன் வேலையைச் செய்தது. சோப்பு வாசனைதான் வந்தது. நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன், மன்னிச்சுக்கோ என்றும் சொன்னேன். அவனிடம் அந்த வார்த்தையைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

அவன் கோபப்படுவான் என்று தயாராகப் போயிருந்தேன்.

"நெஜமா பாதி இருந்துச்சா மாமா?" என்றான்.

"இருந்துச்சு."

"உங்க கண்ணால பாத்தீங்க?"

"பாத்தேன்."

கட்டிலில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நீங்க கேட்டப்ப இல்லேன்னு சொன்னேன். பஸ்ல வரும்போது எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மாமா. குடிச்ச காலத்துலயும் நான் இல்லேன்னுதான் சொல்வேன். பொய்யின்னு இல்ல, காலைல எழுந்தா நெஜமாவே நெனவு இருக்காது. செவ்வாக்கெழம மத்தியானம் தூங்கினேன். நடுவுல எழுந்து மாடிக்குப் போனேனா, குடிச்சிட்டு வந்து படுத்தேனா... நாலு நாளா அன்னிக்குப் போட்ட சட்டைய மோந்து மோந்து பாத்துக்கினு இருக்கேன். இங்க கதவை உள்ள பூட்டிட்டு, சாவிய ஃபிரெண்டு கைல குடுத்துட்டுத்தான் படுக்கறேன்."

நான் ஒரு பொருளைத் திருடினாய் என்றுதான் சொன்னதாக நினைத்திருந்தேன். பதினோரு மாதமாகத் தன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக அவன் சேர்த்து வைத்திருந்த நம்பிக்கையை ஒரே சாயங்காலத்தில் பிடுங்கியிருக்கிறேன்.

"போட்டோ எடுத்தீங்களா மாமா? அவகிட்ட காட்டலாம்."

"அதையெல்லாம் நான் போட்டோ எடுக்கறதில்ல. யாராவது பாத்துட்டா வம்பு."

"அந்த பீரு?"

"கொட்டிட்டேன்."

"அக்கா பாத்தாளா?"

"ஸ்கூலுக்குப் போயிருந்தா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். கண்ணைப் பார்த்து, வாயைப் பார்த்து, மறுபடி கண்ணைப் பார்த்தான். அவசரமே இல்லாமல் பார்த்தான். அப்படிப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லலியே?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். அவனுக்குக் காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை.