மருதோண்டிப் புள்ளி வைத்த வாள்

"மச்சான், பரீதாட மகளுக்குக் கலியாணக் கட்டில் வந்தீக்கி. பூட்டி நிப்பாட்டணும், சாமானோட வா" என்று போன வாரம் தெல்தோட்டையிலிருந்து பலீல் போனில் கோல் எடுத்தான். பரீதா அவன் தங்கை. தச்சுச் சாமான் என்றதும் என் கை தானாகப் பரணுக்குப் போனது. பழைய சாரத்துணியில் சுற்றிவைத்த மரமறுக்கும் கைவாளைப் பிரித்தேன். மண்ணெண்ணெய் வாசம் குப்பென்று வந்தது. அதற்குப் பிறகு கண்டியில் பஸ் ஏறும்வரை நான் இந்தக் காலத்தில் இல்லை.

பரீதாவுக்குக் கலியாணம் பேசிய காலம் அது. அப்போது எனக்கும் பலீலுக்கும் பல்லேகலவில் மேசை, கட்டில் செய்யும் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை. நான் பொலிஷ் பூசுகிறவன், அவன் செய்து முடித்ததைப் பெட்டியில் கட்டுகிறவன். வாளைக் கையில் பிடித்துப் பழக்கமில்லை, வாய்க்கு மட்டும் குறைவில்லை. அந்த வாயால்தான் பலீல் மாப்பிள்ளை வீட்டாரிடம், தங்கச்சியின் கட்டிலைத் தன் கையாலேயே செய்வதாகச் சொல்லிவிட்டு வந்தான். சொன்னபடி நடக்காவிட்டால் அவளுக்குத்தான் தலைகுனிவு.

தெல்தெனிய சந்தையில் பழைய இரும்புக் குவியலுக்குள் ஒரு வாள் கிடைத்தது. கருப்பட்டி நிறத்தில் கறள், தொட்டால் கையெல்லாம் துரு. தேசிக்காய்ப் புளியும் மண்ணெண்ணெயும் போட்டு ஒரு கிழமை, ஏழு நாளும் தேய்த்தோம். சோற்றுப் பார்சல்கூட மண்ணெண்ணெய் மணத்தது, ஆனாலும் இரும்பின் வெள்ளை தெரிந்த அன்று நாங்கள் ஆடாத குறை. பிறகு முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவினோம்.

மிச்சம் பல்லை வளைப்பது. ஒரு பல்லை இந்தப் பக்கம், அடுத்ததை அந்தப் பக்கம் லேசாகச் சாய்க்க வேண்டும். அப்போதுதான் வெட்டு அகலமாகி வாள் இறுகாமல் ஓடும். பலகைகளுக்கு நடுவில் வாளை இறுக்கி, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும் நின்றோம். என் பற்களை நான் முடித்ததும் அவன் தொடங்கினான். ரேடியோவில் கிரிக்கெட் ஓடியது. யார் எந்தப் பல் என்று யார் பார்த்தது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் பலீல் வீட்டு முற்றத்தில் தலைமாட்டுப் பலகையை அறுக்கத் தொடங்கினோம். ஞாயிறு நிக்காஹ். தலைமாட்டுக்கு இருந்தது ஒரேயொரு பலாப்பலகை. பாதியில் வாள் இறுகி நின்றுவிட்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. இழுத்தால் பலகை பிளக்கும்.

ஆப்பு வைத்து மெல்ல வாளை எடுத்தோம். இடது கையில் மருதோண்டி அப்பியபடி பரீதா வந்து, ஒரு கண்ணை மூடி வாளின் பற்களைப் பார்த்தாள்.

"பல்லெல்லாம் நேராத்தானே ஈக்கி?"

"வளச்சது தானே" என்றான் பலீல்.

"அண்ணன் வளச்ச பல்லத்தான் நீங்களும் வளச்சீக்கீங்க நானா. அவர் அங்கால தள்ளினத நீங்க இங்கால தள்ளி நேராக்கிட்டீங்க." அண்ணன் என்றது என்னை; நானா, கூடப்பிறந்த பலீல்.

நாங்கள் இருவரும் வாளைப் பார்த்தோம், வானத்தைப் பார்த்தோம். அவள் ஓர் ஈர்க்குச்சியை மருதோண்டியில் தோய்த்து, ஒன்றுவிட்டு ஒரு பல்லில் புள்ளி வைத்துக்கொண்டே போனாள்.

"புள்ளி வெச்சதெல்லாம் நானாட. மத்தது அண்ணன்ட. ரேடியோவ நிப்பாட்டுங்க."

மூன்று தலையும் ஒரு வாளுக்கு மேல். சிரித்துச் சிரித்தே வளைத்து முடித்தோம். அதன் பிறகு வாள் பலாப்பலகைக்குள் வெண்ணெயில் போவதுபோல ஓடியது. நிக்காஹ் அன்று கட்டிலைப் பார்த்து மாப்பிள்ளையின் உம்மா நல்லது என்று தலையை ஆட்டியபோது, பலீல் என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கலியாணத்திலும் இல்லை. மனைவி இதை வாசிக்க மாட்டாள்.

தெல்தோட்டைக்குப் போனால், போன வாரக் கட்டில் அட்டைப்பெட்டியில் வந்திருந்தது. துளை, திருகாணி, அதை முடுக்க வளைந்த ஒரு குட்டிச் சாவி, எல்லாம் உள்ளேயே. என் பைக்குள் வாளைக் கண்ட பரீதா, "இதையும் தூக்கிட்டு வந்தீங்களா அண்ணன்?" என்று சிரித்தாள். அரை மணித்தியாலத்தில் கட்டில் எழுந்து நின்றது. எங்கேயும் இறுகவில்லை, யாரும் வந்து பிழை பார்க்க வேண்டியிருக்கவில்லை. மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், பலீலும் நானும் அந்த அட்டைப்பெட்டியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தோம்.