கட்டைவிரல் இல்லாமல் திறக்கும் பின்

செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு, கீழ்வரிசைத் தென்னைகளுக்கு மடை திருப்பிவிட்டேன். பால் காய்ச்சிக் காபி கலந்தேன். மனைவிக்கு மாத்திரை கொடுத்து, தலை வாரி, ரவிக்கைக் கொக்கிகளைப் போட்டுவிட்டேன். ஜூலையிலிருந்து காலை வேலைகள் இந்த வரிசையில்தான் நடக்கின்றன. அன்று கூடுதலாக ஒன்று இருந்தது. இருவரும் அறந்தாங்கிக்குப் போய், மினி டிராக்டரில் மண் கிளறும் ரோட்டவேட்டரை மாட்டுவதற்கு அவள் கைக்குத் தோதான லாக் பின் பார்த்து வாங்கிவர வேண்டும்.

அவளுடைய வலது கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப் பள்ளமாகியிருந்தது. இடது கையிலும் அது தொடங்கியிருந்தது. கைக்கு வரும் நரம்புகள் காய்ந்துகொண்டு வருகின்றன, போன பலம் திரும்பாது, மெல்ல மற்ற இடங்களுக்கும் பரவும் என்று தஞ்சாவூர் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். டிராக்டர் ஓட்டலாமா என்று மட்டும் அவள் கேட்டாள். காலுக்கு இன்னும் ஒன்றுமில்லை, முடிகிறவரை ஓட்டுங்கள் என்றார். திரும்பி வரும்போது பஸ் பட்டுக்கோட்டையைத் தாண்டியது. "அப்ப லாக் பின்ன யாரு கழட்டுறது?" என்றாள்.

டிராக்டரின் பின்னால் இரண்டு இரும்புக் கைகள் உண்டு. ரோட்டவேட்டரின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுகளில் அவற்றைக் கோத்து, கழன்றுவிடாமல் தண்டின் ஓட்டையில் ஒரு லாக் பின்னைச் செருக வேண்டும். விரல் நீளக் கம்பி, தலையில் ஸ்பிரிங் வளையம். வளையத்தை மடக்கிவிட்டால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். திறக்க, கட்டைவிரலைக் கொடுத்து நெம்ப வேண்டும்.

அந்தப் பின்னைப் பார்ப்பதற்கு முன்பே அதன் சத்தம் எனக்குத் தெரியும். வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஸ்டோரில் பதினாறு வருடம் இருந்தேன். நான் அனுப்பிய பணத்தில் டிராக்டரை வாங்கியதும், ஓட்டப் பழகியதும், அக்கம்பக்கத்துத் தோப்புகளுக்கு வாடகைக்கு உழுததும் அவள்தான். காலையில் போனை மட்கார்டின் மேல் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே மாட்டுவாள். முதலில் ஒரு டக், கொஞ்சம் கழித்து இன்னொரு டக். "சரி, வைக்கிறேன்" என்பாள். அடுத்து எஞ்சின் சத்தம். ஒரு நாளும் டிரைவருக்காக யார் வாசலிலும் அவள் நின்றதில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் கனம் அளக்கும் வெர்னியரைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். ஓட்டை பன்னிரண்டு மில்லி. பின் பதினொன்றுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் ஆட்டம் கொடுத்து அறுந்துவிடும் என்றேன். அவர் இருப்பதையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பினார். புது லாக் பின்னை அவள் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்திப் பூட்டிவிட்டாள். திறக்க வரவில்லை. ஆங்கில ஆர் எழுத்துப் போல் வளைந்த கம்பிப் பின்னை இரண்டு விரலால் கிள்ளி இழுக்க வேண்டும்; அதுவும் வரவில்லை. தலையில் பட்டன் வைத்த பின் ஒன்று இருந்தது. பட்டனை அமுக்கினால் வழுக்கிக்கொண்டு வரும், ஆனால் அமுக்கக் கட்டைவிரல் வேண்டும். போல்ட்டும் நட்டும் என்றால் இரண்டு ஸ்பேனர். எல்லாவற்றையும் ஒரு சுற்று முடித்து, மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்.

கடைக்காரருக்கு விஷயம் தெரியாது. "என்னக்கா, வளையல் கடை மாதிரி ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்குறீங்க?" என்று சிரித்தார்.

"வளையல்னா கையில ஏறுனாப் போதும்யா. இது எறங்கணும்ல" என்றாள்.

அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள். நான் வெர்னியரைத் துடைத்து உறையில் போட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. லாக் பின்னின் வளையத்தில் நைலான் கயிற்றைச் சுருக்காகக் கட்டிவிட்டால், சுருக்குக்குள் மணிக்கட்டை நுழைத்து இழுக்கலாம். கட்டைவிரலே வேண்டாம். கடையிலேயே ஒரு துண்டுக் கயிறு வாங்கிக் கட்டிக் காட்டினேன். அவள் கையை விட்டு இழுத்தாள். வளையம் நிமிர்ந்தது. இன்னொரு தடவை பூட்டித் திறந்தாள். இரண்டு பின் வாங்கினோம். வரும் வழியில், அடுத்த வாரம் யார் யார் தோப்புக்கு உழவு பாக்கி இருக்கிறது என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சாப்பிட்டுவிட்டுத் தோப்புக்குப் போனோம். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். டிராக்டரின் இடது இரும்புக் கையை முதலில் மாட்டினாள், பிறகு வலது, பிறகு மேலே இழுத்துப் பிடிக்கும் கம்பி. முன்பு எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது. அன்று நன்றாகவே நேரம் ஆனது. உள்ளங்கையால் அழுத்திப் பூட்டினாள். டக். அந்தப் பக்கம் போய் இன்னொரு டக். "கேட்டுச்சா?" என்றாள். கேட்டது என்றேன். ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டு வரிசை ஒழுங்காகப் போனது. மூன்றாவது வரிசையின் நடுவில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. ரோட்டவேட்டர் ஒரு பக்கமாகத் திரும்பித் தொங்க, கத்திகள் தென்னை வேரைக் கீறின. அவள் உடனே நிறுத்திவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது இடது இரும்புக் கை தண்டிலிருந்து கழன்று கிடந்தது, பின்னைக் காணவில்லை.

அவள்தான் கண்டுபிடித்தாள். விழுந்து கிடந்த காய்ந்த தென்னை மட்டை ஒன்று வண்டியோடு கொஞ்ச தூரம் இழுபட்டு வந்திருந்தது. அதன் நுனியில் நைலான் சுருக்கு மாட்டியிருந்தது. சுருக்கில் பின் தொங்கிக்கொண்டிருந்தது.

சுருக்கைச் சின்னதாக்கலாம், தகரத்தில் மூடி போடலாம், மட்டைகளைப் பொறுக்கிவிட்டு உழலாம் என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் மட்டையிலிருந்து சுருக்கை மணிக்கட்டால் விடுவித்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க. என் கைக்கு வாரது மட்டைக்கும் வருது" என்றாள். "ஊரு தோப்புல போயி மட்டையப் பொறுக்கச் சொல்லிக்கிட்டா நிக்க முடியும்? கயித்த அறுத்துருங்க. பின்னு நல்ல பின்னுதான்."

நான் தென்னையில் சாய்ந்து நின்றேன். எவ்வளவோ நட்டு, போல்ட்டு, பின் எல்லாம் அளவு பார்த்து எடுத்துக் கொடுத்தவன். கேட்ட பொருள் ஸ்டோரில் இல்லை என்று எழுதிக் கொடுக்கும்போது மனதில் ஒன்றும் தோன்றியதில்லை. அது எங்காவது செய்யப்பட்டு, ஏதாவதொரு கப்பலில் வந்துவிடும் என்று தெரியும். இவளுக்கு வேண்டிய பின்னை யாராலும் செய்ய முடியாது. அது கெட்டியாகவும் இருக்க வேண்டும், பலமில்லாத கைக்குத் திறக்கவும் வேண்டும். அவள் கைக்கும் காய்ந்த மட்டைக்கும் வித்தியாசம் தெரிந்த இரும்பு எங்கே இருக்கிறது?

பொழுது சாயும்வரை அவள் டிராக்டரின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட முயன்றாள். பை வாய்க்குள் போகாமல் அது கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. எழுந்ததும் மோட்டார் போடப் போகவில்லை. இருவரும் தோப்புக்குப் போனோம். முதலில் ரோட்டவேட்டரை முழுதாகக் கழற்றி, இரண்டு பின்களின் கயிறுகளையும் கத்தியால் அறுத்தேன். பழக்கமில்லாதவர்கள் செய்வது போல வலது இரும்புக் கையை முதலில் தூக்கினேன். "அங்கிட்டு இல்ல, எடது மொதல்ல" என்றாள். மாட்டினேன். பூட்டச் சொன்னாள், பூட்டினேன். திறக்கச் சொன்னாள், திறந்தேன். இன்னொரு தடவை என்றாள். நான் வளையத்தை நெம்பும்போதெல்லாம் அவள் கண் என் கட்டைவிரலிலேயே இருந்தது.