மணிக்கட்டில் இரண்டு விரல்

பஸ்ஸிலோ கடையிலோ கணவரின் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், அவள் அவருடைய மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து அழுத்துவாள். பார்ப்பவர்களுக்கு நாடி பிடிப்பது போல இருக்கும். அவர் உடனே குரலை இறக்கிக்கொள்வார். இந்த வெளிநாட்டு நகரத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் தொடங்கிய பழக்கம்.

புகுந்த வீட்டில் அவளுக்கு வைத்த பேர் பூனை. நடந்தால் காலடி கேட்காது, சாப்பிட்டால் தட்டுச் சத்தம் கேட்காது. படிப்பைப் பாதியில் விட்டவள். இங்கே ஒரு சலவைக் கடையின் பின்னறையில் கோட்டுக்குக் கை குறைக்கிறாள், பேண்ட்டுக்கு ஜிப் மாற்றுகிறாள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கடைக்காரி விரலால் காட்டுவாள். இவள் அங்கே குண்டூசியைக் குத்துவாள். அந்த அறையில் பேச்சுக்கு வேலையே இல்லை.

கணவர் நேர் எதிர். ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவர். விசில் தொலைந்துபோனால்கூடக் கவலைப்படாமல் தொண்டையாலேயே வண்டியை ஓட்டியவர். இப்போது ஒரு குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். பகலெல்லாம் அடக்கிவைத்த குரலை வீட்டுக்குக் கொண்டுவருவார். மகள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது கதவை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்பார். மகள் சிரித்துக்கொண்டே படியிறங்குவாள். கீழ்வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று பூனை அவசரமாகக் கதவைச் சாத்துவாள்.

பல நாட்டு வீரர்கள் கலந்துகொள்ளும் தடகளப் போட்டி இந்த நகரத்தில் நடந்தபோது, மகளின் பள்ளியில் குடும்பத்தோடு பார்க்க நுழைவுச் சீட்டு கொடுத்தார்கள்.

"அப்பா, நம்ம நாட்டுலேருந்து ஒரு அக்கா ஓடுறாங்க. தமிழ்ப் பேருப்பா!"

"அப்ப நம்ம பொண்ணு. எவ்வளவு தூரம்?"

"பத்தாயிரம் மீட்டர்."

"வழியில எத்தனை ஸ்டாப்பிங்?"

"ஸ்டாப்பிங்கே கிடையாதுப்பா."

"பாயின்ட் டு பாயின்ட்டா! நல்ல சர்வீஸு."

பூனை மட்டும் சிரிக்கவில்லை. "அங்க வந்து கத்தி மானத்த வாங்காதீங்க. இவ கூடப் படிக்கிற பிள்ளைங்கல்லாம் வருவாங்க."

"மைதானத்துல கத்தாம, பின்ன எங்கடி போய்க் கத்துறது?"

மைதானத்தில் அவர்களுக்கு முன்வரிசையில் மகளின் வகுப்புப் பெண் ஒருத்தி பெற்றோரோடு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தகப்பன் போட்டிருந்த சாம்பல் நிறக் கோட்டைப் பூனைக்குத் தெரியும். கை குறைத்தது அவள்தான். கோட்டுக்காரருக்கு அவளைத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

ஓட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நம்ம பொண்ணு பின்தங்கிவிட்டாள். முன்னால் ஓடியவர்கள் ஒரு முழுச் சுற்று கூடுதலாகவே ஓடி அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் மட்டும் தனியாக, தோள்கள் காதுவரை ஏறி, இவர்கள் இருந்த வளைவுக்கு வந்தாள். கண்டக்டர் எழுந்து நின்றார்.

"போலாம் ரைட்! அம்மாடி, போலாம் ரைட்!"

அந்தக் குரல் வளைவைத் தாண்டிப் போனது. ஓடிக்கொண்டிருந்த பெண் சட்டென்று திரும்பினாள். களைத்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஏறியிருந்த தோள்கள் இறங்கின. கால் வேகம் பிடித்தது.

முன்வரிசைக் கோட்டுக்காரரும் திரும்பினார். முறைக்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். பூனையின் விரல்கள் தாமாகவே போய்க் கணவரின் மணிக்கட்டை அழுத்தின. ஒற்றை விசில் கேட்ட வண்டி போல அவர் குரல் நின்றது. பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சுற்றில் அதே வளைவு வந்ததும் அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். வரிசை வரிசையாகத் தேடினாள்.

"கத்துப்பா! அவங்க உன்னத்தான் தேடுறாங்க!" என்று மகள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

அவர் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா வேணாங்குறா" என்றார்.

"ஏம்மா?"

"உனக்குத்தாண்டி வெக்கமா இருக்குமேன்னு..."

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?"

பூனை யோசித்துப் பார்த்தாள். மகள் ஒருநாளும் சொன்னதில்லை. கணவரின் காதருகே குனிந்து, "சத்தம் போடுங்க" என்றாள். "பரவால்ல, விடு" என்றார். அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அப்போது முன்வரிசையில் கோட்டுக்காரர் எழுந்து, கழுத்து நரம்பு புடைக்க, தன் நாட்டு வீராங்கனையின் பேரைச் சொல்லிக் கத்தினார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நம்ம பொண்ணு மறுபடியும் வளைவுக்கு வந்தபோது பூனையே எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். வந்தது வெறும் காற்று. பக்கத்தில் இருந்த மகளுக்கே கேட்கவில்லை. அந்தப் பெண் இந்த முறை தலையைத் தூக்கவில்லை. தோள்கள் மறுபடியும் காதுக்கு ஏறியிருந்தன. கடைசியாகத்தான் வந்து சேர்ந்தாள். முழங்காலில் கைவைத்துக் குனிந்து நின்றவளைக் கோட்டுக்காரர் மரியாதையாகக் கைதட்டிப் பாராட்டினார். பூனை கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சன்னமாகத்தான் பேசினார். அழுத்துவதற்கு ஒன்றுமில்லை.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. அவருக்கு வருத்தம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, கேட்டால், "அதையே நினைச்சிட்டிருக்கியா?" என்கிறார். பூனை இப்போது அவருடைய மணிக்கட்டைத் தொடுவதில்லை. அவரும் குரலை உயர்த்துவதில்லை. காலையில் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். மகள் ஷூவை மாட்டிக்கொண்டு, "வரேம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போகிறாள்.