பிடரியைப் பார்த்து டீச்சரைத் தேர்ந்தவர்

ஒரு பிள்ளையை நன்றாக அறிந்தவர் யார்? அதன் பக்கத்திலேயே இருப்பவரா, சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவரா? கத்திரி அக்காவின் வாழ்க்கையில் ஒரு வருடம் முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போனது. அவரிடமே கேட்டால், "அதையெல்லாம் யோசிக்க எனக்கு எங்க நேரம்?" என்பார்.

அவர் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலிகள், ஒரு நீளக் கண்ணாடி, சின்னப் பிள்ளைகள் உட்கார நாற்காலியின் கைகள்மேல் குறுக்கே போடும் ஒரு பலகை. கத்திரி அக்கா என்று பெயர் வைத்தவர்கள் அந்தப் பலகையில் உட்கார்ந்தவர்கள்தான். தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் பள்ளி ஒன்று அந்த வட்டாரத்தில் இருந்தது. இடம் கொஞ்சம், எழுதுகிறவர்கள் கொள்ளை. அதனால் கடைத்தெருவில் எங்கு திரும்பினாலும் டியூஷன் பலகை.

எதிர்ச்சாரியில் இருந்தவர் கணக்குப் புலி. தேறிய பிள்ளைகளின் படங்கள் அவர் வீட்டுச் சுவரில் கூரைவரை ஏறியிருந்தன. கடைக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் சொல்லிக்கொடுத்தவர் மாடி டீச்சர். அவரிடம் படங்களே இல்லை.

தன் மகளுக்கு அந்தப் பள்ளியில் இடம் வாங்கிவிட வேண்டும் என்று அக்கா முடிவு செய்தபோது எல்லோரும் புலியின் பக்கம்தான் கையைக் காட்டினார்கள். அக்காவோ சுவர்ப் படங்களைப் பார்க்கவில்லை, பிடரிகளைப் பார்த்தார். தினமும் அவர் கைக்குக் கீழே குனிந்தவை இரண்டு பேரிடமும் படிக்கும் பிள்ளைகளின் தலைகள். புலியிடம் போகும் பிள்ளைகளைச் சீப்பால் தொட்டாலே தோள் காதுவரை எழும்பும். அவர்களில் சிலருக்குக் காதின் பின்னால் விரல் நுனி அளவுக்கு முடியே இருக்காது. தாங்களாகவே ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டது. அக்கா மேல்முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டு அந்த இடத்தை மூடிவிடுவார். தாயிடம் மட்டும் மெதுவாக, "பிள்ளைய கொஞ்சம் தூங்க விடுங்கம்மா" என்பார். மாடி டீச்சரின் பிள்ளைகள் வேறு ரகம். அன்றைய புதிரை அக்காவிடமே போட்டு, விடை சொல்லும்வரை தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள்.

"ஊரே புலிகிட்ட போகுது. நீ மட்டும் ஏங்க்கா மாடி ஏறுற?" என்று கேட்டார் துணிக்கடைக்காரரின் மனைவி.

"அந்தத் தலைங்க எல்லாம் என் கைக்குத்தானே வருது."

லாரி ஓட்டும் கணவர் சிரித்தார். "முடிய பாத்து வாத்தியார் தேடுற ஆளு நீ ஒருத்திதான். நல்லவேளை, நம்ம கல்யாணத்துக்குத் தலைய பாக்கல."

"பாத்தேன். அப்ப இருந்துச்சு."

மகள் மாடி ஏறினாள். மாலையில் வீட்டில் அவள் கணக்குப் போடும்போது அக்கா பக்கத்தில் உட்காருவார். திட்டியது கிடையாது, ஒரு வார்த்தை கேட்டதுகூடக் கிடையாது. எந்தத் தாயும் இதற்குமேல் பக்குவமாக இருந்திருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

தேர்வுக்குச் சில வாரங்கள் இருந்தன. ஒரு விடுமுறை நாளில் மகளுக்கு முடிவெட்ட அக்கா கத்திரியை எடுத்தார். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கியவரின் கை அப்படியே நின்றது. அங்கே விரல் நுனி அளவுக்கு வெறும் தோல்.

"டீச்சர் ஏதாச்சும் சொல்றாங்களாடி?"

"இல்லம்மா. அங்க ஜாலியா இருக்கும்."

"அப்ப எங்க வெச்சு பிச்சுக்கிற?"

"நீ பக்கத்துல உக்காந்திருக்கும்போது" என்றாள்.

"நான்தான் வாயே தொறக்குறதில்லையே."

"தொறக்க மாட்ட. நோட்டக்கூடப் பாக்க மாட்ட. என் கழுத்தையே பாத்துட்டு இருப்ப."

அக்கா கத்திரியைக் கீழே வைத்தார். "வேணாம்டி. இந்தப் பரீட்சையே வேணாம். விட்டுடலாம்."

"ஐயோ, எனக்கு அந்த ஸ்கூல் வேணும்மா. நீ மட்டும் அந்தப் பக்கம் போய் உக்காரு."

மனிதர்களைச் சட்டென்று மெச்சும் பழக்கம் எனக்கு இல்லை. தவற்றை ஒப்புக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் அதையும் ஒரு பெருமையாக்கிவிடுவார்கள் என்பது என் அனுபவம். கத்திரி அக்கா அழவில்லை, யாரையும் கூப்பிட்டுச் சொல்லிப் புலம்பவில்லை. அன்று மாலை முதல் சமையலறையில் சுவரைப் பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். வெங்காயம் தீர்ந்தால் பூண்டு. திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணால் பிழைக்கிறவர் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்வது லேசான காரியமில்லை. ஏதோ ஒரு கணக்கில் மகள் தடுமாறி முணுமுணுப்பது கேட்கும். அக்காவின் முதுகு நிமிரும். உரித்த பல்லையே மறுபடி உரிப்பார்.

கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன, உன்னைச் சுவரு பக்கம் திருப்பி வெச்சிருக்கு? தண்டனையா?"

"ஆமா. உங்க மக குடுத்தது."

"அப்ப முட்டி போட்டுல்ல இருக்கணும்?"

"வந்து நீங்க போடுங்க."

மாடி டீச்சரிடமும் அவரே போய்ச் சொன்னார். "உங்க மேல தப்பில்ல டீச்சர். நான் பாத்த பார்வைதான்." டீச்சருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்த பிறகு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாராம்.

தேர்வு நெருங்கியபோது அந்த இடத்தில் பூனை முடிபோல மெல்லிசாக முளைத்திருந்தது. மகளுக்கு இடம் கிடைத்தது, முதல் பட்டியலில் இல்லை, இரண்டாவதில். சேதி வந்த அன்றும் அக்கா கடையைத் திறந்துதான் வைத்திருந்தார். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

சில வருடங்கள் கழித்து இளையவனான மகனின் முறை வந்தது. மூத்தவளைப்போல் நிதானம் இல்லாத, ஓயாமல் பேசும் பையன். மாடி டீச்சர் தானாகவே அவனுக்கு ஓர் இடம் வைத்திருந்தார். இருவருக்கும் நடுவே எந்த மனத்தாங்கலும் இல்லை. டீச்சரின் முடியை இன்றும் அக்காதான் வெட்டுகிறார்.

ஆனால் ஒரு நாள் காலையில், கடை திறக்கும் முன், அக்கா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். கணக்குப் புலியின் வீட்டுக் கதவைத் தட்டி அவனைச் சேர்த்துவிட்டு வந்தார்.

துணிக்கடைக்காரரின் மனைவி ஓடி வந்தார். "என்னக்கா இது, அன்னிக்கு அப்படிச் சொன்ன?"

"பிடரியில தெரிஞ்சது வாத்தியார் இல்ல, வீடு; இவனுக்கோ ஒரு கண்டிப்பு வேணும்" என்றபடி அக்கா துணியை உதறி, காத்திருந்தவரின் கழுத்தில் கட்டினார். "எவ்வளவு குறைக்கணும் சார்?" என்றார்.