மோதிரம் தேட மூன்று கையொப்பம்

ஓய்வுபெறும்வரை எங்கள் ஊர்ச் சபையில் பூங்காக்களுக்குப் பொறுப்பான எழுதுவினைஞராக இருந்தேன். ஊஞ்சல் உடைந்தால் ஒரு படிவம், கச்சான் விற்க ஒரு படிவம், பிறந்தநாளுக்குப் பலூன் கட்ட ஒரு படிவம். மெட்டல் டிடெக்டருக்கு மட்டும் படிவம் இல்லை. அந்தக் குறையைக் கண்டுபிடித்தவர் பெரியகல்லாற்றிலிருந்து வந்த ஒரு டீச்சர்.

இறந்துபோன கணவர் போட்டுவிட்ட கலியாண மோதிரம். டீச்சர் காய்ச்சலில் மெலிந்திருந்தார். வாவிக்கரைப் பூங்காவில் சீமெந்து வாங்கு ஒன்றில் உட்கார்ந்து கையை உதறியபோது அது கழன்று மணலுக்குள் போய்விட்டது. கையால் கிளறியவரைக் காவலாளி எழுப்பி அனுப்பிவிட்டார். அந்த இடத்தில் மூன்று வாரத்தில் கொங்கிறீட் நடைபாதை போடுவதாக இருந்தது.

“எண்ட தம்பி கண்ணிவெடி எடுக்கிற வேலை செய்தவன் சேர். மெஷின் ஒண்டு எடுக்கலாமாம். ஒரு மணித்தியாலம் விட்டாப் போதும்.”

“எழுத்தில தாங்க டீச்சர், பாப்பம்,” என்றேன். இல்லை என்பதை எங்கள் அலுவலகத்தில் மரியாதையாகச் சொல்லும் முறை அது. ஆனால் அவர் அங்கேயே உட்கார்ந்து எழுதித் தந்துவிட்டார். செயலாளரிடம் கொண்டுபோனேன்.

“இதுக்குச் சட்டம் இருக்கா?”

“தடை எண்டு எங்கயும் இல்ல சேர்.”

“தடை இல்லாததுக்கு எப்பிடி அனுமதி குடுக்கிற? முதல்ல தடை ஒண்டப் போடுங்க. மறுகா அனுமதி குடுப்பம்.”

என் சேவைக்காலத்தில் இவ்வளவு தெளிவான உத்தரவு எனக்குக் கிடைத்ததில்லை. அன்றே பூங்கா வாசலில் பலகை வைத்தேன்: ‘எழுத்துமூல அனுமதியின்றி உலோகம் தேடும் கருவி பாவித்தல் தடை.’ பிறகு பொலிசுக்கு ஒரு கடிதம், புதைபொருள் பார்க்கும் தொல்லியல் கந்தோருக்கு ஒரு கடிதம். கந்தோர் ‘பொருளின் உத்தேச காலம்’ கேட்டது. டீச்சரிடம் விசாரித்து, ‘கலியாணம் நடந்து பன்னிரண்டு வருடம்’ என்று பதில் போட்டேன்.

பலகையை ஊர் வேறுவிதமாக வாசித்தது. கருவிக்குத் தடை என்றால் உள்ளே ஏதோ இருக்கத்தானே வேண்டும்! ஒல்லாந்தர் புதைத்த பெட்டி என்றார்கள். நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பூங்காவில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிய ஏழு கிடங்குகள்.

செயலாளர் பதறிப்போனார். “உடன கொங்கிறீட்டப் போட்டு மூடுங்க!” சொன்ன நாளில் ஒருபோதும் வராத கொந்தராத்துக்காரர் மறுநாளே வந்தார். கிடங்குகளை நிரவி, நடைபாதையை ஊற்றிவிட்டுப் போனார். டீச்சரின் கோப்பு என் மேசையில்தான் கிடந்தது. ஒரு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கலாம். கோப்பு நடந்துகொண்டிருக்கிறதே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கிழமை அனுமதி வந்தது. பொலிஸ், கந்தோர், செயலாளர் என்று மூன்று கையொப்பங்களும் சரியாக இருந்தன. டீச்சரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன், நடைபாதை போட்டாயிற்று என்பதையும் சொன்னேன். அவர் அழவில்லை. கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

பூங்காத் தொழிலாளி அருளப்பு தேநீருடன் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “மோதிரமா சேர்? மணல் அரிக்கிற அரிதட்டு ஸ்டோர்ல சும்மா கிடக்கு. வாங்குக்குக் கீழ இருக்கிற மணல அரை நாள்ல அரிச்சுக் குடுத்திருப்பனே!”

“அண்டைக்கே ஏன் சொல்லல்ல?”

“கடிதம் எழுதுறீங்க எண்டு தெரியும். என்னத்தத் தேடுறீங்க எண்டு ஆர் எனக்குச் சொன்ன?”

டீச்சர் அப்போதுதான் அழுதார். நான் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆள் ஒருவர் குறையோடு வந்தால் படிவத்தைத் தேடுவதற்கு முன் மண்வெட்டி பிடிப்பவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். அரிதட்டுக்கு எங்கள் சபையில் இன்றுவரை அனுமதி தேவையில்லை. தயவுசெய்து யாரும் செயலாளரிடம் போய் அதைக் கேட்டுவிடாதீர்கள்.