ஓநாய்க்குப் போர்த்திய பொன்னாடை

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதிக் கதை எளிதாகப் போகும். மேடை, முன்வரிசை, அதில் ஒரு பெரிய மனிதர் என்று கண்டுவிட்டால் பொன்னாடை போர்த்தாமல் என்னால் இருக்க முடியாது. டென்மார்க்கில் நம்மவர் விழாக்களுக்குப் போய்ப் போய் வந்த வியாதி.

என்னோடு பேக்கரியில் வேலை செய்யும் துருக்கிக்காரர் சாஸ் வாசித்துப் பாடுவார். தம்பூராவின் ஒல்லித் தம்பி போன்ற வாத்தியம் அது. இங்கே இஷொய் என்ற ஊர் மண்டபத்தில் அவர் பாடிய அன்று, துருக்கியிலுள்ள அவருடைய சொந்த ஊர் மேயர் விருந்தாளியாக வந்திருந்தார். நிலநடுக்கத்தில் அந்த ஊர் வீடுகள் பொலபொலவென்று உதிர்ந்தன; சீமெந்துக் காசை விழுங்கியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பாடினால் விரல்களை முறிப்போம் என்று மேயரின் மருமகன்மார் முன்பே சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"பயமில்லையோ அண்ணை?" என்று எங்கள் அரைகுறை டேனிஷில் கேட்டேன்.

"நான் ஓநாயைப் பற்றித்தான் பாடுறன். பேர் சொல்லேல்லை. ஆர் என்ன செய்யேலும்?"

எனக்கோ அவருடைய விரல்களைப் பற்றிக் கவலை. மேயரைக் குளிர்வித்துவிட்டால் போதும் என்று ஒரு பொன்னாடையோடு போனேன்.

பாட்டில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆடுகள் ஓநாயைக் காவலுக்கு வைக்கின்றன. அது ஒவ்வொன்றாய் உரித்துத் தின்றுவிட்டு, "குளிருது, இன்னொரு தோல் போர்த்துங்கோ" என்று அழுகிறது. இதெல்லாம் பிறகு கேட்டறிந்தது. சரியாக அந்த அடியில்தான் நான் எழுந்துபோய், பல்லெல்லாம் தெரிய, மேயருக்குப் பொன்னாடை போர்த்தினேன்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பேரில்லாத ஓநாய்க்கு நான் பேர் வைத்துவிட்டேன்.

மருமகன்மாரின் முதல் குத்து என் வாயில். முன்பல் ஒன்று சரிகையில் போய் விழுந்தது. ஒருவன் அதே பொன்னாடையால் என் கழுத்தை இறுக்கினான். கதிரைகள் பறந்தன, தேநீர்க் கண்ணாடிகள் நெற்றிகளில் உடைந்தன. நான் வெறியோடு ஒரு கெண்டைக்காலைக் கடித்தேன். அது எங்கள் பக்கத்து ஆளுடையது. மேடையில் சாஸை நண்பரின் தலையிலேயே அடித்துச் சிதறவைத்தார்கள். பிறகு அவருடைய கையை விரித்துப் பிடித்து, சப்பாத்துக் குதியால் மிதித்தார்கள். விறகு முறிவதுபோல் கேட்டது.

ஆஸ்பத்திரியில், வாயில் பஞ்சோடு, கட்டுப்போட்ட அந்தக் கையைப் பார்த்துச் சொன்னேன்:

"விரலும் போச்சு, சாஸும் போச்சு. இனியாவது அந்தப் பாட்டை விடுங்கோ அண்ணை."

"தொண்டை இருக்கு."