முப்பது நோன்பும் பிடித்த பிள்ளை

எங்கள் வீட்டில் சாப்பாடு வேண்டாம் என்றால் ஆயிரம் கேள்வி வரும். நோன்பு என்று சொன்னால் ஒரு கேள்வியும் வராது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது.

முதலில் திங்களும் வியாழனும். பிறகு கிழமையில் ஐந்து நாள். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம், நாலு மிடறு கஞ்சி, அவ்வளவுதான். உம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. சோற்றைக் கண்டால் எனக்குப் பயம், கொழுத்துவிடுவேன் என்ற பயம். அதைப் பக்தி என்று ஊரே புகழ்ந்தது. நானும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அது வெட்கம்தான்.

அந்த வருசம் நோன்புப் பெருநாளுக்கு மருதமுனையிலிருந்து என் அக்கா, ராத்தா, வந்தாள். உம்மா அவளிடமும் தொடங்கினார்.

"இவ முப்பது நோன்பும் பிடிச்சிட்டா, ஒண்டும் விடல்ல."

ராத்தா தின்றுகொண்டிருந்த வட்டிலப்பத்தைக் கீழே வைத்தாள்.

"முப்பதுமா? பொம்புளப் புள்ள முப்பதும் எப்படிம்மா பிடிக்கிற?"

மாதவிடாய் நாட்களில் நாங்கள் நோன்பு பிடிப்பதில்லை, விட்டதைப் பிறகு பிடித்துக் கழாச் செய்வோம். எனக்கு அது நின்று ஏழு மாதம். உம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு மனநல கிளினிக்குக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். உம்மா கிளினிக் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அங்க போறத ஆரும் கண்டா, இவள ஆரு கலியாணம் முடிப்பாங்க?"

"செத்து மையத்தாப் போனா ஆரு முடிப்பாங்க?" என்றாள் ராத்தா.

நான் இருவரையும் விட்டுவிட்டு உள்ளே போனேன். இது பிடிவாதமில்லை, வருத்தம், ஒரு நோய் என்று டொக்டர் சொன்னார். வேளைக்குச் சாப்பாடுதான் முதல் மருந்து, சுகமாகும் வரை நோன்பு கூடாது என்றார். நோயாளிக்கு மார்க்கமே விலக்குத் தந்திருக்கிறது. ஊர்தான் தருவதில்லை.

அடுத்த நோன்பு மாதம், பகல் ஒரு மணி. குசினியில் நான் சோற்றுக்கு முன்னால் இருந்தேன். பக்கத்து வீட்டு மாமி வரும் சத்தம் கேட்டதும் உம்மா கதவைச் சாத்தப் போனார்.

"திறந்தே கிடக்கட்டும்மா."

மாமி எட்டிப் பார்த்தார். "நோன்பு இல்லயா மகள்?"

"இல்ல மாமி. சாப்பிடாத வருத்தம் எனக்கு. கிளினிக்குக்குப் போறன்."

சோற்றின் மேல் இருந்த பயம் எனக்குப் போய்விடவில்லை. ஆனாலும் சோற்றுக் கோப்பையை நீட்டினேன்.

"உம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."

நோன்போடு நின்ற உம்மா, மாமியின் முகத்தைப் பார்க்காமல், அகப்பை நிறைய அள்ளிப் போட்டார்.